புத்தர் போதித்த கடைப்பிடியும் தமிழராகிய நாமும்

(கொழும்பு வெள்ளவத்தையிற் போயா நாட்களிற் கூடும் தியானக் குழுவின் அழைப்பை ஏற்று நிகழ்த்திய உரை)



இவ்வுரைக்கு யாம் இசைந்த செய்தி பரவியதும் எமது கட்சித் தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "காவி உடுக்க நாள் வைத்தாயிற்றா?" என்று கேட்டார். பகிடிதான். ஆயினும் அந்தப் பகிடிக்குள்ளே ஒரு கேள்வி கிடந்தது. அதனை ஒளித்து வைத்துவிட்டுத் தியானத்தின் மேன்மைகளை மட்டும் எடுத்துரைப்பது நேர்மையாகாது. ஆகையால் அதையே முதலில் எடுத்துக்கொள்கின்றோம்.

1956ஆம் ஆண்டிலே தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அதற்காக முன்னின்று உழைத்தோரிற் பிக்குமார் பலர் இருந்தனர். அவ்வாண்டு யூன் 5ஆம் நாள் காலிமுகத் திடலில் அமைதியாக அமர்ந்த நம் தலைவர்களும் தொண்டர்களும் அடிபட்டனர். 1958 ஏப்பிரல் 9ஆம் நாள் றோஸ்மீட் பிளேசிலே பிரதமரின் வீட்டு முற்றத்திற் பிக்குமார் அமர்ந்தனர். அன்றே பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு பௌத்தத்திற்கு முதன்மைத் தானம் அளித்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் அதனையே உறுதிசெய்தது. அதற்கு அடுத்த 10ஆம் உறுப்புரையோ ஆளொவ்வொருவருக்கும் சிந்தனைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் உண்டென்கின்றது. சட்டம் படித்த எமக்கு இவ்விரண்டையும் ஒருசேர வாசிக்கும்போதெல்லாம் ஒரே வளவுக்கு இரண்டு பேருக்கு உறுதி முடித்துக் கொடுத்தது போலத் தோன்றும்.

ஏட்டிலிருந்து நிலத்துக்கு வருவோம். வலிகாமம் வடக்கிலே தையிட்டியில், உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்த தனியார் காணியில் விகாரை எழுந்தது. 2023ஆம் ஆண்டிலிருந்து காணிக்காரரும் அவர்களுக்குத் துணை நிற்போரும் அவ்விடத்திற் போயா நாட்களில் எதிர்ப்புக் காட்டி வந்துள்ளனர். போயா நாள் என்பதைக் கவனியுங்கள். நாம் இங்கே பாய் விரித்து அமரும் அதே நாள்.

இத்தனையும் அறிந்த தமிழன், வெள்ளவத்தை மாடியொன்றில் அமர்ந்து, அதே புத்தர் சொன்ன முறையில் மூச்சைப் பார்க்கலாமா? இதுவே தோழரின் கேள்வி. பார்க்கலாம் என்பது எமது விடை. அவ்விடை எமக்கு எளிதில் வந்ததன்று.

எமது குழு மிகச் சிறியது. பதினான்கு பேருக்கு மேற் கூடியதில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள குறுக்குத் தெரு ஒன்றில் நண்பர் ஒருவரின் மேல்மாடியே எமது இடம். சிலை இல்லை, மலர்த்தட்டு இல்லை. கடலோரப் புகையிரதம் கடக்கும்போது யன்னல் கண்ணாடிகள் அதிரும். எமக்கு வழிகாட்டுபவர் ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர். யாம் அவரை மாஸ்டர் என்றே அழைக்கின்றோம். தெல்கொடைக்கு அண்மையிலுள்ள கந்துபொட தியான நிலையத்தில் இளமையிலே பயின்றவர். தமிழ் பேசுவார், எழுவாயும் பயனிலையும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு நிற்கும் தமிழ். எமது சிங்களத்தைக் கேட்டால் அவரும் அப்படித்தான் சொல்வார்.

முதல் நாள் அமர்வு முடிந்ததும் பரந்தனிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், நாற்பது ஆண்டு வயல் செய்தவர், எம்மை ஒருபுறம் அழைத்தார். "தம்பி, எங்கட ஊரிலை மூச்சு ஞாபகம் வாறது இழுப்புக்காரருக்குத்தான். சுகமாயிருக்கிறவன் ஏன் அதைப் பாக்கவேணும்?" என்றார். நல்ல கேள்வி. அன்று எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

இனி, அந்தப் போதனைதான் என்னவென்று பார்ப்போம். மச்சிம நிகாயத்தின் பத்தாவது சூத்திரம் சதிபட்டான சூத்திரம் எனப்படும். குரு நாட்டிலே கம்மாசதம்மம் என்னும் ஊரிற் புத்தர் அதனைப் போதித்தாரென்பது மரபு. உடல், நுகர்வு, உள்ளம், உள்ளத்தில் எழும் தருமங்கள் என்னும் நான்கையும் உள்ளது உள்ளபடி பார்த்திருக்கவேண்டும் என்பது அதன் சாரம். நடந்தால் நடப்பது தெரிய வேண்டும். நின்றால் நிற்பது தெரிய வேண்டும். நெடுமூச்சு விட்டால் நெடுமூச்சென்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். செய்து பார்த்தோர்க்கே அது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். ஐந்து மூச்சுக்குள்ளே எமது மனம் புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஓடி, இரண்டு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத் திரும்பி வரும்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். பாளியில் இப்பயிற்சியின் பெயர் 'சதி'. இதை அப்படியே தமிழில் எழுதினால் விபரீதமாகிவிடுகின்றது! எமது அரசியல் மேடைகளிலே சதி என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை; எதிர்க்கட்சிக்காரன் செய்வதெல்லாம் சதிதான். ஆனால் தமிழுக்கு இதற்குச் சொல் இல்லாமற் போகவில்லை. எண்வகை மார்க்கத்தின் ஏழாம் உறுப்பைத் தமிழில் நற்கடைப்பிடி என்று வழங்கியிருக்கின்றனர். கடைப்பிடி என்பதற்குப் பழந்தமிழில் மறவாமை என்றும் பொருளுண்டு. பாளிச் சொல்லின் வேரும் நினைவு என்பதே, செய்துகொண்டிருப்பதை மறவாதிருத்தல். அதுபோலவே 'வேதனா' என்னும் பாளிச் சொல்லைத் தமிழில் வேதனை என்று எழுதினால் வெறும் நோவாகிவிடும்; பாளியிலோ இன்பமும் துன்பமும் இரண்டுமற்றதும் அதனுள் அடங்கும். மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் அதற்கு நுகர்வு என்னும் சொல்லை ஆண்டார். புலனிற் படுவதற்கு ஊறு என்றார். அடுத்தடுத்து வருவனவற்றை வேட்கை என்றும் பற்று என்றும் தமிழிலேயே சொன்னார். இன்று மேல்நாட்டு மருத்துவமனைகளில் உளநோவுக்கும் உடல்நோவுக்கும் இப்பயிற்சியைக் கற்பிக்கின்றனர். 1979ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஜோன் கபாற்-சின் என்பவர் அதற்கு வழி திறந்தார். அங்கிருந்து ஆங்கிலப் பெயரோடு அது எம்மிடம் திரும்பி வரும்போது புதுச் சரக்கென்று வியக்கின்றோம். சரக்கு நம் பட்டினத்துக் கிடங்கிலும் இருந்தது.

இருந்தது என்று வெறும் வாயாற் சொல்லவில்லை. மச்சிம நிகாயத்துக்குப் பாளியிற் பேருரை கண்டவர் புத்தகோசர். தம்மோடு மயூரபட்டினத்தில் முன்னர் உறைந்த புத்தமித்திர தேரரின் வேண்டுகோளால் அவ்வுரையை எழுதியதாக அந்நூலின் இறுதியில் அவரே குறித்திருக்கின்றார். மயூரபட்டினம் தமிழகத்து ஊரென்பதே அறிஞர் பலரின் கருத்து. காஞ்சியிலிருந்தமை பற்றியும் வேறோர் உரையில் அவர் கூறுகின்றார். அவரோடு ஒருகாலத்தவராக எண்ணப்படும் புத்ததத்தர் சோழ நாட்டினர். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையிலிருந்து நூல் செய்தவர். ஆக, கடைப்பிடியைப் பற்றி அனுராதபுரத்திற் பேசப்பட்ட காலத்தில் காவிரிக் கரையிலும் அது பேசப்பட்டது. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940ஆம் ஆண்டிலேயே 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூலில் இவ்வரலாற்றைத் தமிழர் அறியத் தொகுத்துத் தந்தார். வீட்டில் இல்லாதோர் தேடி வாங்குக.

அவ்வளவு தூரம் போவானேன்? கொட்டாஞ்சேனைக்கு வருவோம். இச்சபையில் அரைவாசிப்பேர் அங்கிருந்தே வந்திருக்கின்றீர்கள். 1898ஆம் ஆண்டிலே கொட்டாஞ்சேனையில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் பின்னாளிலே பம்பலப்பிட்டி வஜிராராமத்து நாரத தேரர். மற்றவரின் பெயர் விக்டர் இம்மானுவேல் பெரேரா புள்ளே. கத்தோலிக்கக் குடும்பம். பெயரின் ஈற்றில் நிற்கும் 'புள்ளே' கொழும்புச் செட்டி மரபில் வழங்குவது. நம் 'பிள்ளை'யே அவ்வாறு திரிந்தது. அப்பிள்ளை 1936ஆம் ஆண்டு பர்மாவிலே துறவு பூண்டு சோம தேரர் ஆனார். சதிபட்டான சூத்திரத்தையும் அதன் உரையையும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1941ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலகெங்கும் இச்சூத்திரத்தை ஆங்கில வழியாகக் கற்றோர்க்கு அந்நூல் பல்லாண்டு துணை நின்றது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருவர் அதைத் தந்தார் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

அவருக்கும் முன்னே, எமது தொழிலைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். சேர் முத்து குமாரசுவாமி அவர்கள் இலண்டன் லிங்கன்ஸ் இன்னிலே 1863ஆம் ஆண்டு பாரிஸ்டரானவர். சட்டசபையில் தமிழரின் பிரதிநிதி. பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். சைவர். அவர் 1874ஆம் ஆண்டிலே சுத்த நிபாதத்தின் ஒரு பகுதியையும் தாதாவம்சத்தையும் பாளியிலிருந்து ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். தாதாவம்சம் என்பது புத்தரின் தந்தத்தின் வரலாறு. அவரை எவரும் காவி உடுக்கப் போகிறீரோ என்று கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய மருமகன் இராமநாதன் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு ஆளான சிங்கள பௌத்தர்களுக்காக வாதாடியதும், நாடு திரும்பிய அவரது வண்டியைச் சிங்களத் தலைவர்கள் தம் கையால் இழுத்துச் சென்றதும் நாம் சலிக்கும்வரை சொல்லிக்கொள்ளும் கதை. நன்றி கிடைத்ததா என்று அதனோடு ஒரு பெருமூச்சும் விடுவோம். அப்பெருமூச்சையும் கவனிக்கலாம் என்பார் எங்கள் மாஸ்டர்.

உழவர் பெருமக்களுக்கு இந்தச் சுத்த நிபாதத்திலே ஒரு பங்கு உண்டு. மகத நாட்டிலே ஏகநாளை என்ற ஊரிற் காசிபாரத்துவாசர் என்றோர் அந்தணர். விதைப்புக் காலம். ஐந்நூறு ஏர் பூட்டியிருந்தார். சோறு பகிரும் நேரத்தில் ஐயம் ஏற்று வந்து நின்ற புத்தரைப் பார்த்து, தாம் உழுது விதைத்து உண்பதாகவும், அவரும் அவ்வாறே உழுது உண்ணட்டும் எனவும் கூறினார். தாமும் உழுபவரே என்றார் புத்தர். நுகம் எங்கே, கலப்பை எங்கே என்று அவர் கேட்க, ஒவ்வொன்றாகக் காட்டினார்: நம்பிக்கை விதை, தவம் மழை, அறிவு நுகமும் கலப்பையும், நாணம் ஏர்க்கால், மனம் கயிறு. கடைப்பிடியோ கொழுவும் தாற்றுக்கோலும்.

இதை யாம் குழுவில் வாசித்துக் காட்டியபோது பட்டதாரிகள் எல்லாம் தலையை ஆட்டினோம். பரந்தன் பெரியவர் மட்டும் சற்று நேரம் யோசித்துவிட்டு, "கொழுவும் துவரந்தடியும் ஒண்டில்லையே தம்பி," என்றார். கொழு மண்ணுக்குள் இறங்குவது. தாற்றுக்கோல் மாட்டின் மேல் விழுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் ஏன் என்று கேட்டார். உழுதவனுக்கே அக்கேள்வி வரும். மாஸ்டர் அதற்கு ஒரு வாரம் தவணை கேட்டார். அடுத்த முறை வந்து, கடைப்பிடிக்கும் இரண்டு வேலை: ஒன்று ஆழ இறங்கிப் பார்ப்பது, மற்றது மனம் சோம்பி நிற்கும்போது எழுப்புவது என்றார். பெரியவர் ஒத்துக்கொண்டார். "இப்ப எல்லாம் உழவு இயந்திரம். துவரந்தடி ஆருக்குத் தெரியும்?" என்று ஒரு குறையும் சொன்னார்.

இன்னொரு சூத்திரத்தில் மாடு மேய்ப்பவன் வருகிறான். பயிர் செழித்து நிற்கும் மாதத்தில் அவன் கோலும் கையுமாக மாடுகளை மறித்துத் திரிய வேண்டும். அவை வயலில் இறங்கினால் அடியும் சிறையும் தண்டமும் அவனுக்கு. கதிரெல்லாம் வீட்டுக்குப் போன கோடையில், அவன் மரநிழலில் அமர்ந்து, மாடுகள் அங்கே நிற்கின்றன என்று நினைவு வைத்திருந்தாற் போதும். கட்டாக்காலி மாட்டு வழக்குகளை எத்தனையோ பேசியிருக்கின்ற எமக்கு இவ்வுவமை நன்றாகப் பிடித்தது. சினமும் வஞ்சமும் பயிருக்குள் இறங்கும்போது மறிக்க வேண்டும். எல்லா நேரமும் கோலோடு ஓட வேண்டியதில்லை. எமது அரசியல் வாழ்வில் மரநிழலில் அமரும் காலமே வந்ததில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தோம். வந்தபோதும் கோலை வைக்கவில்லை போலும்.

பயிற்சி முறையைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொல்வோம். முதுகு நிமிர்ந்திருத்தல் நன்று. முழங்கால் நோவுள்ளவர்க்குக் கதிரை உண்டு. மாஸ்டர் பயின்றது பர்மிய நாட்டு மகாசி தேரரின் முறை: மூச்சோடு வயிறு எழுவதையும் தாழ்வதையும் பார்த்தல். கந்துபொட நிலையம் கஹடபிட்டியே சுமதிபால தேரரைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது 1956ஆம் ஆண்டில். ஆம், அதே 1956. ஓராண்டு இரண்டையும் பெற்றது. வயிற்றைப் பார்க்கச் சூத்திரத்தில் எங்கே சான்று என்று சோம தேரர் போன்றோர் அக்காலத்தில் வழக்காடினர். மறுதரப்பார் அதுவும் உடலைப் பார்த்தல்தானே என்றனர். அவ்வழக்கைத் தீர்க்க யாம் முற்படவில்லை. 1954ஆம் ஆண்டிலே கொழும்பில் அச்சேறிய ஞானபோனிக தேரரின் நூல் இம்முறையை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. அவர் செருமனியில் யூதராய்ப் பிறந்தவர். இட்லரின் கொடுமைக்குத் தப்பித் தாயையும் இத்தீவுக்கு வருவித்தார். போர் மூண்டதும் பிரித்தானியர் அவரைச் செருமனியர் என்று சொல்லி முகாமில் அடைத்தனர். துரத்தியவனுக்கும் பகை, துரத்தியவனின் பகைவனுக்கும் பகை. அகதியாய் அலைந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிச் சொல்லப்போவது சொல்லக் கடினமானது. கொட்டாஞ்சேனையிலிருந்து எம் குழுவுக்கு ஒரு தாய் வருகின்றார். அவருடைய மகன் போரின் இறுதி ஆண்டுகளிற் காணாமலாக்கப்பட்டவர். ஒருநாள் மாஸ்டர் கிசாகோதமியின் கதையைச் சொன்னார். இறந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து கேட்டு அலைந்தவளைப் புத்தர், சாவு நேராத வீட்டிற் கடுகு வாங்கி வரச் சொன்ன கதை. பலரும் கேட்டிருப்பீர்கள். கேட்டு முடித்ததும் அந்தத் தாய் மிகத் தாழ்ந்த குரலில், "அவளுக்குப் பிள்ளை கையிலை இருந்தது, மாஸ்டர். செத்துப்போச்செண்டு கண்ணாலை கண்டவள். எனக்கு அதுவுமில்லையே," என்றார்.

மாடியில் எவரும் பேசவில்லை. மாஸ்டர் தலை குனிந்திருந்தார். அதன் பின்னர் எம் குழுவில் அக்கதையை அவர் சொன்னதில்லை.

சட்டத்தரணி என்ற முறையில் எமக்கு ஆட்கொணர்வு மனு தெரியும். 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகச் சட்டம் தெரியும். இறந்தார் என்னாது, காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சான்றுரைக்கும் பத்திரமும் அவ்வாண்டு முதல் சட்டத்தில் உண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்ததும் தெரியும். இவற்றில் எதுவும் அந்தத் தாயின் கேள்விக்கு மறுமொழியாகவில்லை. தியானமும் ஆகவில்லை. இதை மறைத்துத் தியானத்தைப் புகழ்வோமாயின் அவர் முகத்தில் விழிக்கும் தகுதி எமக்கு இராது. பின்னொருநாள், ஏன் அம்மா தொடர்ந்து வருகின்றீர்கள் என்று கேட்டோம். "இங்கை அரை மணித்தியாலம் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கமாட்டினம்," என்றார்.

எம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1983 யூலையில் எமக்கு வயது இரண்டு. வெள்ளவத்தையில் எம் வீடு எரிந்தது. அயலிலிருந்த சிங்களக் குடும்பம் எம்மைக் குசினியில் ஒளித்தது. பின்னர் இரத்மலானை இந்துக் கல்லூரி முகாம். அதன் பின்னர் 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறை. இவையெல்லாம் அன்னையார் சொல்லக் கேட்டவை. எமக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவில்லை என்றே எண்ணியிருந்தோம். ஒரு போயா மாலை அமர்ந்திருந்தபோது காலி வீதியில் எவரோ சீனவெடி கொளுத்தினர். நெஞ்சு இறுகியது, உள்ளங்கை வியர்த்தது, காதுகள் படிக்கட்டில் ஆட்களின் காலடியைத் தேடின. வழக்கமாக அந்நேரத்தில் எமக்குச் சினம் வரும். அருகிலிருப்பவர் மீது பாயும். அன்று முதன்முறையாக, இறுக்கத்தை இறுக்கமென்றும் வியர்வையை வியர்வையென்றும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் அது இறங்கியது. மனம் மறந்ததை உடல் கடைப்பிடித்திருக்கின்றது! பரந்தன் பெரியவரின் முதல்நாட் கேள்விக்கு அன்றுதான் எமக்கு மறுமொழி கிடைத்தது. அவரிடம் சொன்னோம். "அப்ப எல்லாருக்கும் இழுப்புத்தான்," என்றார்.

அம்பு தைத்தவனைப் பற்றிய ஓர் உவமையும் நிகாயங்களில் உண்டு. பயிற்சியில்லாதவன் ஓர் அம்பு தைத்தவுடன் இரண்டாம் அம்பையும் வாங்கிக்கொள்கின்றான். முதலாவது உடலின் நோவு, இரண்டாவது அதைப் பற்றிய மனத்தின் புலம்பல். கட்சித் தோழர்கள் இங்கேதான் எம்மை மறிப்பார்கள். காணியை இழந்தவனுக்கு இரண்டாம் அம்பைப் பற்றிப் பாடம் நடத்துவதா? முதல் அம்பை எய்தவனுக்கு அது வசதியல்லவா? மிகச் சரியான தடை. மூச்சைப் பார்த்துக் காணி மீளாது. முதல் அம்புக்கு நீதிமன்றமும் பத்திரிகையும் தேர்தலும் தெருவும்தான். உழுதவனின் உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு கச்சேரிப் படியேறும் வேலை எந்தத் தியானத்தாலும் குறையாது. அன்றியும், தியானம் ஒரு மக்களைத் தானாகவே நீதியுடையோராக்கும் என்பதும் பொய். இம்முறையை உலகுக்குத் தந்த பர்மாவிலேதான் 2017ஆம் ஆண்டில் ரோகிங்கியா மக்கள் இலட்சக்கணக்கில் எல்லைக்கப்பால் விரட்டப்பட்டனர். இத்தீவைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ.

பின் எதற்கு? வடக்கிலே ஓரூரில் ஒரு காணிப் பிணக்குக் கூட்டம். எதிர்த்தரப்பில் ஒருவர், எழுத்திற் பொறிக்கத் தகாத சொல்லொன்றால் எம் இனத்தைக் குறித்தார். முன்னைய நாளாயின் யாம் எழுந்திருப்போம், கூட்டம் குழம்பியிருக்கும், எமது எழுச்சியே மறுநாட் செய்தியாகிக் காணி செய்தியில்லாது போயிருக்கும். புத்தரை ஒருவன் வாய்க்கு வந்தபடி ஏசினானாம். விருந்துக்கு வைத்த உணவை விருந்தினர் உண்ணாவிடின் அது எவருக்கு உரியது என்று புத்தர் கேட்டாராம். அதை எண்ணி அமைதியானோம் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் எமக்கு அப்போது எந்தச் சூத்திரமும் நினைவுக்கு வரவில்லை. காது சூடானது தெரிந்தது. அது தெரிந்தமையால் மூன்று மூச்சு தாமதித்தோம். பின்னர் நில அளவைப் படத்தின் எல்லைக் கோட்டை மேசையில் விரித்தோம். அக்காணிக்காரர் தம் வயலை அடுத்த சிறுபோகத்துக்கு விதைத்தார். மூன்று மூச்சால் அது நடந்ததென்று வாதிட மாட்டோம். படமும் உறுதியும் சரியாக இருந்தன. ஆனால் எழுந்து கத்தியிருந்தால் படத்தை விரித்திருக்க மாட்டோம் என்பது எமக்குத் தெரியும்.

நம்மை நோக்கியும் ஒரு குற்றப் பத்திரம் உண்டு. பௌத்தம் என்றால் ஆக்கிரமிப்பு என்று மட்டும் பேசும் நாம், 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் யாழ்ப்பாணத்திலே நம்மவர் சிலர் ஏன் புத்தரை நாடினர் என்று கேட்டதுண்டா? கோயிற் கதவு அவர்களுக்குப் பூட்டியிருந்தது. 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்து வாசலில் மறித்து நின்றோர் சிங்களவர் அல்லர். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன், 1898ஆம் ஆண்டிலே, சென்னையின் அயோத்திதாச பண்டிதர் இதே கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியதும் அதே பூட்டின் காரணமாகத்தான். 1950ஆம் ஆண்டு கண்டியிற் கூடிய உலக பௌத்தர் மாநாட்டுக்கு அம்பேத்கர் வந்ததையும், ஆறாண்டின் பின் நாகபுரியில் அவர் பல்லாயிரவரோடு செய்ததையும் நீங்கள் அறிவீர்கள். அவரும் சட்டம் படித்தவரே.

கடைசியாக ஒரு சட்டப் பொருள். வடக்குக் கிழக்கில் எங்கே பழைய பௌத்தச் சின்னம் வெளிப்பட்டாலும் அது சிங்களவருக்கே உரியதென ஒரு தரப்பு ஆவணம் எழுதுகின்றது. நம் தரப்போ அப்படியொன்று இல்லவேயில்லை என்று மறுக்கின்றது. இரண்டும் ஒரே பிழையான எடுகோளில் நிற்கின்றன. திருகோணமலைக்கு அண்மையிற் பெரியகுளத்திலுள்ள வெல்கம் விகாரையைப் பாருங்கள். சோழராட்சியில் அதன் பெயர் இராசராசப் பெரும்பள்ளி. அதற்கு அளித்த கொடைகள் தமிழ்க் கல்வெட்டுக்களில் உள்ளன. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்று உலகறிந்தது. தமிழர் பௌத்தராயும் இருந்தனர் என்பதை நாம் ஏற்றுக்கொண்டால், புத்தர் சிலை கிடைத்த காணியெல்லாம் தமிழன் காணியன்று என்னும் வாதம் அடியோடு விழுந்துவிடும். நம் பங்கை நாமே துறப்புறுதி எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் வழக்காடுவது என்ன புத்தி?

பரந்தன் பெரியவர், இவ்வாண்டு சிறுபோக விதைப்பின் பின் தம் ஊரிலும் ஓர் அமர்வு வைக்கவேண்டும் என்கின்றார். வாசிகசாலை மண்டபம் தருவார்களாம். மாஸ்டரும் வர இசைந்துள்ளார். தம்மைக் கண்டு ஊரவர் ஐயுறுவரோ என்று மட்டும் கேட்டார். ஐயுறுவர் என்றோம். அப்படியாயின் முதல் நாள் பேசாமல் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். சூத்திரத்தின் தமிழாக்கத்தைப் படியெடுத்துக் கொடுக்க இருவர் தேவை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருவோர்க்கு வான் ஒழுங்கு செய்துள்ளோம். அடுத்த போயா மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்குவோம். பாய் இல்லாதோர் ஒரு பழைய சாரத்தை மடித்துக் கொண்டுவந்தாற் போதும்.